நாளாந்த செபத்துக்கு நேரம்: மாம்புரிக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



நாளாந்த செபத்துக்கு இத்தனை நிமிடம் என்று கத்தோலிக்கத் திருச்சபை பொதுநிலையினருக்குக் கணக்கு வைத்ததில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் திருப்பலியில் பங்குகொள்ளும்படி கட்டளையிடுகிறது. திருப்புகழ்மாலையைத் தினமும் சொல்லும் கடமையைக் குருக்கள் மீது வைக்கிறது. வீட்டுச் செபத்துக்கு அதில் நேரக் கட்டளை இல்லை. 1992இல் ஒப்புதல் பெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் காலைச் செபம், மாலைச் செபம், உணவுக்கு முன்னும் பின்னும் சொல்லும் செபம் ஆகியவற்றை ஒரு நாளின் ஒழுங்காகக் காட்டுகிறது. அவை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. "நேரமில்லை" என்ற முறைப்பாட்டையும் அந்நூல் விட்டுவைக்கவில்லை. செபத்தை மற்ற வேலைகளோடு ஒத்துப்போகாத இன்னொரு வேலையாக எண்ணுவதிலிருந்தே அந்தப் பேச்சு பிறக்கிறது என்பது அதன் கருத்து.

ஆனால் மாம்புரியில் அந்தப் பேச்சுக்கு நியாயமும் உண்டு. இங்கே ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று நேரக் கணக்கு. படகில் தொழிலுக்குப் போகிறவர் விடியுமுன்பே கரைக்குப் போய்விடுகிறார். அவர் திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். கரைவலை இழுப்பவருக்கு மீன் கரைக்கு வரும் நேரமே வேலை நேரம். மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் போட்டவர் காலையும் மாலையும் தண்ணீர் இறைக்க வேண்டும். அந்த மணல் ஒரு நாள்கூடத் தவணை தராது. மீன் பிரிப்பதும், கருவாடு காயப்போடுவதும், சமையலும், பிள்ளைகளை ரியூஷன் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதும் பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுகின்றன. இப்படிப்பட்ட வீட்டுக்குத் துறவி மடத்தின் நேர அட்டவணையைக் கொடுப்பது பொருந்தாது என்பதைத் திருச்சபையின் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஜெனீவாவின் ஆயராக இருந்த புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் பொதுநிலையினருக்காக எழுதிய பக்தி வாழ்வு பற்றிய நூலில், உழைப்பாளி ஒருவர் துறவியைப் போல நாள் முழுவதும் கோயிலில் இருந்தால் அந்தப் பக்தி கேலிக்கிடமாகும் என்கிறார். ஒவ்வொருவரின் தொழிலுக்கும் வலுவுக்கும் ஏற்றபடி பக்தி அமைய வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு.

அப்படியானால் செபத்தின் நீளம் குறைவாக இருக்கலாம். நேரம் மட்டும் குறித்ததாக இருக்க வேண்டும். திருச்சபையின் பழைய செப வழக்கங்கள் பல இந்த அடிப்படையில் நிற்கின்றன. தானியேல் நாளுக்கு மூன்று முறை எருசலேமை நோக்கி முழந்தாளிட்டார். திருப்பாடல் 119 நாளுக்கு ஏழு முறை இறைவனைப் புகழ்வதைப் பேசுகிறது. தொடக்கத் திருச்சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான 'டிடாக்கே', கிறிஸ்தவர்கள் கர்த்தர் கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி பணிக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்குப் பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் வகுத்தார். 150 திருப்பாடல்களையும் வாரந்தோறும் பாடி முடிப்பது அவர் வைத்த ஒழுங்கு.

அந்த ஒழுங்கு எழுத்தறியாத உழவருக்கும் மீனவருக்கும் எட்டாதது. அவர்களுக்காக வளர்ந்ததே செபமாலை. 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 அருள் நிறைந்த மரியே. மணிகளை உருட்ட எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கும் தொடக்கத்தில் சொல்லும் மூன்றும் சேர்ந்ததே இன்று வீடுகளில் சொல்லப்படும் 53 மணிச் செபமாலை. 1569இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 150 மணி வடிவத்தை உறுதிசெய்தார். 2002 ஒக்டோபரில் புனித இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகள் ஐந்தைச் சேர்த்தபோது 150 என்ற பழைய கணக்கு 200 ஆகிவிட்டது. திருப்பாடல்களோடு இருந்த பொருத்தம் கெட்டுவிட்டதே என்று கவலைப்பட்டவர்கள் அதிகமில்லை. வியாழக்கிழமைக்குத் தியானிக்கப் புதிய மறையுண்மைகள் கிடைத்தன என்பதே வீடுகளில் பெரிய செய்தியாக இருந்தது.

திரிகால செபமும் இதே வகை. மாலை மணிக்கு மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் தொடங்கியது. நண்பகல் மணியைச் செபத்துக்குரிய மணியாக்கியவர் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ், ஆண்டு 1456. மாம்புரி அமைந்த கற்பிட்டிக் குடாநாட்டில், பாங்கு கேட்டதும் முஸ்லிம் அயலவர் தொழுகைக்கு எழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நேரம் குறித்த செபத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் மணியும் ஒருகாலத்தில் அந்த வேலையைத்தான் செய்தது. இன்று அது பெரும்பாலும் பூசைக்கும் சாவுக்கும் மட்டுமே அடிப்பதாகிவிட்டது. திரிகால செபத்துக்கு இரண்டு நிமிடம் போதும் என்பதால் அதை இழந்தது பெரிய இழப்பு. படகிலும் தோட்டத்திலும் தொப்பியைக் கழற்றி நின்றபடியே முடித்துவிடக்கூடிய செபம் அது.

வீட்டுச் செபம் நிலைப்பதற்கு இந்தக் கடலின் இரு கரைகளின் வரலாறு இதைவிடத் தெளிவான சான்று. 1542இல் எதிர்க்கரையில், தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழ் அறிந்தவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் (அருள் நிறைந்த மரியே) தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கைமணி அடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைச் சேர்த்து அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுத்தனர். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்', இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், 16 பக்கங்களில் செபங்களும் மறைக்கல்வியும் கொண்டது. அந்நூலைத் தமிழாக்கிய அண்டிரிக் அடிகளாரின் அச்சு முயற்சிக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடல் தொழிலாளரின் வீட்டுச் செபத்துக்காகவே தமிழ் அச்சு இந்தியாவில் கால்வைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து விரட்டியதும் கத்தோலிக்கக் குருக்களும் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் பறிபோயின. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒல்லாந்தர் ஆண்ட கரைகளில் வழிபாடு வீட்டுக்குள் ஒடுங்கியது. 1687இல் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த ஜோசப் வாஸ் அடிகளார், கத்தோலிக்கர் யார் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத நிலையில், கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அந்த மணிகளைக் கண்டதும் முகம் மாறியவர்களை வைத்தே தம் மக்களை அறிந்துகொண்டார். செபமாலை வீட்டுக்குள் புழங்காமல் போயிருந்தால் அந்த அடையாளம் யாருக்கும் விளங்கியிராது.

யாழ்ப்பாணத்தில் கெடுபிடி கூடியபோது 1690இல் அவர் புத்தளத்துக்கு வந்தார். அப்போது புத்தளம் கண்டி அரசனின் ஆட்சியிலும் கற்பிட்டி ஒல்லாந்தரின் பிடியிலும் இருந்தன. 1692இல் கண்டிக்குப் போனவரை ஒற்றன் என்று ஐயுற்றுச் சிறைவைத்தனர். முதல் பல ஆண்டுகள் நாடு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. ஓர் ஊருக்குப் போனால் மறுபடி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே ஊருக்கு ஊர் அண்ணாவிகளையும் மூப்பர்களையும் ஏற்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவது, பிள்ளைகளுக்கு மந்திரங்கள் கற்பிப்பது, சாகக் கிடப்பவரின் பக்கத்தில் இருந்து செபிப்பது, அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி அந்த வாய்களுக்குச் சொல் கொடுத்தார். ஜோசப் வாஸ் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் ஆங்கிலேயர் காலத்தில், 1806இல்தான் நீங்கின. ஜோசப் வாஸைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார்.

அந்தக் காலத்து வீடுகளில் இன்றைவிட ஓய்வு அதிகம் இருந்தது என்று எண்ண இடமில்லை. அவையும் கடலையும் மண்ணையும் நம்பிய வீடுகளே. அவர்களின் செபம் நிலைத்ததற்குக் காரணம், அதற்கு எல்லாருக்கும் தெரிந்த நேரமும், மனப்பாடமான சொற்களும், தொடக்கிவைக்க ஓர் ஆளும் இருந்ததே.

நேரத்தை எடுத்துக்கொண்டால், மாம்புரிக்கு விளக்கு வைக்கும் நேரமே பொருத்தமானது. இந்த அகலக்கோட்டில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் முக்கால் மணிக்கு மேல் மாறுவதில்லை. ஆறு மணியை ஒட்டித் தொடங்கி ஆறரைக்குச் சற்றுப் பின்வரை நகர்ந்து திரும்புகிறது. இருட்டும் நேரத்தில் தோட்டத்து மோட்டர் நின்றிருக்கும்; இராச் சாப்பாடு தொடங்கியிராது. அதிகாலைத் தொழிலுக்குப் போகிறவர் எட்டு மணிக்கே படுத்துவிடுவார் என்பதால் "சாப்பிட்டபின் சொல்லுவோம்" என்று தள்ளிவைக்கும் வீட்டில் செபமும் அவரோடு தூங்கிவிடும். மாலையில் வலை போடப் போகிறவர் உள்ள வீட்டில், அவர் இல்லாமலே அந்த நேரத்தில் செபம் நடக்கட்டும். அவர் வரும்வரை காத்திருந்தால் ஒரு வாரத்தில் வழக்கமே போய்விடும். அவருடைய பங்கு வேறு வகையில் அமையலாம். படகைத் தள்ளும்போது இடும் சிலுவை அடையாளம், வலை இறக்கும்போது சொல்லும் ஒரு வரி ஆகியவை குறைந்த செபங்கள் அல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் புனித அகுஸ்தீனார், எகிப்தின் துறவிகள் மிகக் குறுகிய செபங்களை அடிக்கடி எய்துவிடுவதைப் பாராட்டுகிறார். நீண்டு போய் மனம் மழுங்குவதைவிட அது நல்லது என்பது அங்கே அவர் சொல்லும் காரணம்.

நீளத்தில்தான் வீட்டுச் செபம் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. ஒரு பத்து மணிக்கு மூன்று நிமிடம் போதும். 53 மணியும் நிதானமாகச் சொன்னால் கால் மணிக்கும் இருபது நிமிடத்துக்கும் இடையில் முடிகிறது. ஆனால் அது அத்தோடு முடிவதில்லை. தேவமாதா பிரார்த்தனை வருகிறது, மரித்தவர்களுக்காக ஒன்று, அந்தோனியாருக்கு ஒன்று, செபஸ்தியாருக்கு ஒன்று, யாரோ கொண்டுவந்து கொடுத்த நவநாள் துண்டு, கடைசியில் ஒரு பாட்டு. ஒவ்வொன்றும் ஒரு சாவிலோ நேர்த்தியிலோ சேர்ந்தது என்பதால் எதையும் நீக்க வீட்டுப் பெரியவருக்கு மனம் வராது. கடைக்குட்டி பாய் ஓரத்தில் சாய்ந்துவிட்டிருக்கும். பெரியவன் முழந்தாளில் நின்றபடி போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருப்பான். இந்த வால்பகுதியைத் துணிந்து வெட்டுவது பக்திக் குறைவு ஆகாது. மரித்தவர்களுக்கான செபத்தை வெள்ளிக்கிழமைக்கும் நவநாளைச் செவ்வாய்க்கும் ஒதுக்கிவிட்டால் நாளாந்த செபம் தன் அளவுக்கு வந்துவிடும். அதுவும் முடியாத நாளில் ஒரு பத்து மட்டும் சொல்லி எழும்பலாம். தினமும் ஒரு பத்து சொல்லும் வீடு, ஒக்டோபரில் மட்டும் முழுமூச்சாகச் செபமாலை சொல்லிவிட்டு நவம்பரில் கைவிடும் வீட்டைவிட உறுதியான நிலையில் இருக்கிறது.

பராக்கும் தூக்கமும் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை, ஏனெனில் அவற்றுக்கு அஞ்சியே பலர் செபத்தை விட்டுவிடுகிறார்கள். பராக்கை விரட்டித் துரத்தப் போனால் அதன் வலையிலேயே விழுவோம். மனத்தை மெல்லத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்று மறைக்கல்வி நூல் அறிவுரை தருகிறது. டீசல் விலையும் வட்டிக் கணக்கும் நடுவில் வந்தால் அவற்றையே அந்தப் பத்து மணியின் கருத்தாக வைத்துவிடுவது இன்னும் எளிது. தூக்கத்தைப் பொறுத்தவரை, லிசியே நகரின் புனித குழந்தை தெரேசம்மாள் கார்மேல் மடத்தில் ஆண்டுக் கணக்காகச் செப வேளையில் தூங்கிப்போனதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்; பிள்ளைகள் தூங்கும்போதும் பெற்றோருக்குப் பிரியமானவர்களே என்று எண்ணி அவர் அமைதியடைந்தார். விடியற்புறம் இரண்டு மணிக்கு எழுந்தவர் மூன்றாம் மறையுண்மையில் கண்ணயர்ந்தால் அவரைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை.

இனி, தொடக்கிவைக்கும் ஆள். பல வீடுகளில் இது தாயின் வேலை என்று எழுதாச் சட்டமாகிவிட்டது. அடுப்பில் உலையும் அவள் பொறுப்பு, செபமும் அவள் பொறுப்பு. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டும் நின்றுவிடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று காட்டியபோது, பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோர் இருவரும் என்றே சொன்னது. ஜோசப் வாஸ் ஏற்படுத்திய அண்ணாவி, ஊரில் படிப்பிலோ பணத்திலோ முதல் ஆளாக இருக்க வேண்டியதில்லை. சொற்கள் தெரிந்து நேரம் தவறாதவராக இருந்தால் போதும். அந்தத் தகுதி பத்து வயதுப் பிள்ளைக்கும் உண்டு. ஆளுக்கு ஒரு பத்து என்று பிரித்துக் கொடுத்தால் ஒருவர் இல்லாத நாளிலும் செபம் நிற்காது. சவேரியார் பிள்ளைகளிடம் தொடங்கியது வெறும் வசதிக்காக என்று தோன்றவில்லை.

தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளுக்கு வேறு கணக்கு. குவைத், கட்டார், சவூதி நேரம் இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். டுபாய் ஒன்றரை மணி பின்னால். இத்தாலி கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்னால். மாம்புரியில் மாலை ஆறரை என்றால் குவைத்தில் பிற்பகல் நான்கு. வீட்டுவேலை செய்கிறவருக்கு அது ஓயும் நேரம் அல்ல. வட்ஸ்அப் அழைப்பில் எல்லாரும் சேர்ந்து சொல்லத் தாயின் வேலை முடியும்வரை காத்திருந்தால் இங்கே பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அவர் தமக்குக் கிடைத்த நேரத்தில் ஒரு பத்து மணியைக் குரல் பதிவாக அனுப்பிவைத்தால், மாலையில் அவருடைய முறை வரும்போது அதை ஓடவிட்டு வீட்டார் மறுபாதியைச் சொல்லலாம். விடுமுறை நாளில் மட்டும் நேரடி அழைப்பு போதும்.

சொற்களைப் பொறுத்தவரை இந்த மேற்குக் கரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாட்டி தமிழில் செபிக்கிறார். பேரன் சிங்கள மொழியில் படிக்கிறான். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்தில் பேச்சு சிங்களமாக மாறிய பின்னும் முதியவர்கள் செபத்தைத் தமிழிலேயே வைத்திருந்த வீடுகள் பல. செபமாலை இரு பாதியாகச் சொல்லப்படுவது என்பதால், முன்பாதியைப் பாட்டி தமிழிலும் பின்பாதியைப் பேரன் சிங்களத்திலும் சொல்வதில் எந்தத் தடையும் இல்லை. ஆளுக்கொரு மொழியில் தனித்தனியே முணுமுணுப்பதைவிட அது மேல். பழைய மந்திரங்களின் வடமொழிச் சொற்கள் பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் புதிய பாடத்தைக் கற்பிக்கலாம். பாட்டியைத் திருத்தப் போக வேண்டாம்.

காலைச் செபத்துக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. எழுந்ததும் சிலுவை அடையாளமும் பரலோக மந்திரமும் போதுமானவை. வாசிக்கத் தெரிந்தவர் அன்றைய நற்செய்தியை ஐந்து நிமிடம் வாசிக்கலாம். படுக்குமுன் செய்யும் ஆத்தும சோதனையைப் புனித இஞ்ஞாசியார் மிக உயர்வாக வைத்தார். அன்று கிடைத்ததற்கு நன்றி, செய்த பிழைக்கு மனத்தாபம், நாளைக்கு ஒரு தீர்மானம் என்று அது சில நிமிடத்தில் முடியும். பாயில் இருந்தபடியே செய்யலாம்.

தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் இவ்வளவு பக்கத்தில் இருப்பது இந்த ஊர்களின் பேறு. அதிலும் ஒரு சோதனை உண்டு. 1837 முதல் 1843 வரை கட்டப்பட்ட அந்தக் கோயிலின் மார்ச் திருவிழாவுக்கும் ஓகஸ்ட் திருவிழாவுக்கும் நாட்டின் நாலாபக்கமிருந்தும் மக்கள் வந்து, மர நிழலில் குடில் போட்டு, நாள் கணக்காகத் தங்கிச் செபிக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை அப்படி நிறைந்து வழியும் பக்தியை அனுபவித்தவருக்கு, வீட்டு மூலையில் சொல்லும் ஒரு பத்து மணி சப்பென்று தெரிவது இயல்பு. திருவிழாவின் சூட்டை வீட்டுச் செபத்தில் தேடுகிறவர் சீக்கிரம் சலித்துவிடுவார். நேர்த்திக்கடனைத் தலவிலவில் செலுத்திவிட்டதால் நாளாந்தக் கணக்கு தீர்ந்தது என்று கருதுவதும் சரியல்ல.

தொடங்க ஏற்ற காலம் சோளகம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இந்தக் கரையில் கடலைக் கொந்தளிக்கச் செய்வதால் படகுகள் பல நாள் மணலில் கிடக்கும். மாலையில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அந்தக் கிழமைகளில் ஊன்றிய நேரத்தைத் தொழில் தொடங்கிய பின்னும் கைவிடாமல் வைத்திருப்பது எளிது. அதே பருவத்தில் மேற்குக் கரை மீனவர்களில் ஒரு பகுதியினர் கிழக்குக் கரைக்குப் போய் வாடி போடுவது பழைய வழக்கம். அங்கே பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒரே கூரையின் கீழ் மாதக் கணக்காகத் தங்குவார்கள்; பக்கத்தில் கோயில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாடியில் மாலைச் செபத்தைத் தொடக்குபவர் யார், விளக்குப் பொருத்தியதுமா சோறு இறக்கியதுமா என்பதை ஊரில் சாமான் ஏற்றும்போதே பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது. அங்கே போய்ச் சேர்ந்த பின், முதலில் வாய் திறக்க ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.